வெட்டியெடுத்த பின் மிஞ்சிய இடம்

ஆளை வெட்டி எடுத்துவிட்டேன். அவருடைய நிழலை வெட்ட மறந்துபோனேன். எல்லாம் அந்த மறதியில்தான் தொடங்கியது.

மாரிக்காலத்து மத்தியானம். துறைமுகப் பக்கம் இறங்குகிற வீதியில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோ. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வயதானவர், வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள்தான் இறந்திருந்தார். மரண நோட்டீஸுக்கு அவருடைய முகம் வேண்டும் என்று மகன் அந்தப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். வேறு நல்ல படம் இல்லையாம்.

ஆளைச் சுற்றி ஓரம் பிடித்து வெட்டித் தனியே எடுத்தேன். பிறகு மிச்சப் படத்தை மறைப்பதற்குப் பதிலாக ஆளை மறைத்துவிட்டேன். கை அவசரம். ஆள் போனார், விறாந்தை நின்றது. நடுவில் ஆள் வடிவில் ஒரு வெள்ளை ஓட்டை. கதிரையின் கால்கள், சாய்வில் போட்டிருந்த துவாய், ஜன்னல் கட்டில் பாதி குடித்த தேத்தண்ணி. பக்கத்துச் சுவரில் அவருடைய நிழல், தூக்கிய கையோடு, ஒரு குறையும் இல்லாமல்.

"நானா! இஞ்ச ஒருக்கா ஓடி வாங்கோ" என்று கத்தினேன்.

ஸ்டூடியோ முதலாளி கிண்ணியாக்காரர், முஸ்லிம். அவர்கள் அண்ணாவைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவது. லமினேட் மெஷினை விட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

"என்ன புள்ள, ஆள் எங்க?"

"ஆள் போயிட்டார் நானா. நிழலைப் பாருங்கோ."

"நிழலை வெச்சு நோட்டீஸ் அடிக்க ஏலாது. ஆளைக் கொண்டு வா."

ஆளைக் கொண்டுவந்தேன். அவருக்குக் கோட்டுப் போட்டு அனுப்பினேன். ஆனால் ஆள் இல்லாத அந்த விறாந்தையையும் சேமித்து வைத்துக்கொண்டேன்.

கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் உயிரோடு இருக்கும்போது தனியாக நின்று படம் எடுப்பது குறைவு. கலியாண வீட்டில் கூட்டத்தோடு, கோயில் திருவிழாவில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில். செத்த பிறகுதான் தனிப்படம் தேவைப்படுகிறது. நோட்டீஸுக்கு, வீட்டில் மாலை போட்டு மாட்டுவதற்கு, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு. அதனால் கூட்டத்திலிருந்து தலையை வெட்டி எடுத்து, பின்னால் நீலம் போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கு வைத்து, ஆம்பிளை என்றால் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுவிடுவோம். மீன் பிடித்தவரோ வயல் செய்தவரோ கந்தோரில் கணக்கு எழுதியவரோ, எல்லோருக்கும் ஒரே கோட்டு. வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்பார்கள். கோட்டுப் போடாமல் கொடுத்தால், "ஏன், எங்கட ஆளுக்கு மட்டும் இல்லையோ?" என்று முகம் சுருங்கும்.

அந்தக் கோட்டுக்குள் இருப்பது நானாவின் உடம்பு. தன்னுடைய கலியாணத்துக்கு எடுத்த படத்தில் தன் தலையை வெட்டிவிட்டுத் தோளை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். அன்று தொடங்கி நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் செத்த ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அவருடைய தோள்தான்.

"எங்கட வீட்டுல ஒரு போட்டோவும் மாட்ட மாட்டம்" என்பார். "ஆனா ஒங்கட வீடுகளில எல்லாம் நான் மாலை போட்டுத் தொங்குறன். மறுமையில ஒவ்வொருத்தரா வந்து, இந்தா நானா ஒங்கட கோட்டு எண்டு தரப்போறாங்க."

"தோய்ச்சுத் தருவினமோ?"

"ஒங்கட ஆக்களா? ஊத்தையாத்தான் தருவாங்க."

நான் காண்பியக்கலை படித்துப் பட்டம் எடுத்தவள். பட்டம் எடுத்த மற்ற எல்லோரையும் போல அரசாங்க வேலைக்குக் காத்திருந்துகொண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் இதை ஒரு தண்டனை என்றே நினைத்தேன். அந்த விறாந்தைக்குப் பிறகு நினைப்பு மாறிவிட்டது. ஒவ்வொரு செத்தவருக்கும் நோட்டீஸ் செய்து கொடுத்துவிட்டு, வெட்டியெடுத்த பிறகு மிஞ்சியதை 'மிச்சம்' என்று ஒரு கோப்பில் போட்டேன். ஓட்டையை வெள்ளையாக விடாமல் நிரப்பினேன். இப்போது அதற்கு வழி இருக்கிறது: சுற்றியிருக்கிற சுவரையும் நிலத்தையும் பார்த்து கம்ப்யூட்டரே ஊகித்து ஓட்டையை மூடிவிடும். மூடினால் வெறும் அறை. ஆள் அங்கே இருந்ததற்கு அடையாளம் நிழலாக, அமுங்கிய மெத்தையாக, ஒரு பக்கம் சரிந்த செருப்பாக மட்டும் இருக்கும். மணப்பெண்ணின் தோளில் உரிமையாளர் இல்லாத ஒரு கை. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு முகம். அதை நான் கவனித்ததே பிறகுதான்.

என்னோடு படித்த தோழி யாழ்ப்பாணத்தில் சின்னக் கண்காட்சிகள் வைப்பாள். அவளுக்குச் சிலதை அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"எடியே, எங்க பிடிச்சனி இதை? ஒரு அறை முழுக்கத் தாறன். நிறையத் தேவையில்லை, நல்லதாத் தா. நடுவில மாட்ட ஒரு பெரிய படம் வேணும். அதைத் தேடு."

அந்தப் பெரிய படத்தைத் தேடத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், யாராவது செத்த செய்தியோடு கடைக்கு வந்தால் முதலில் அவர்கள் கையிலிருக்கும் போனைத்தான் பார்த்தேன். அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"செத்தாக்களின்ர படங்களைக் கொண்டு திரியிறாய். ஆர் உன்னைப் பொம்பிளை கேட்டு வருவினம்?"

"செத்தாக்கள் இல்லாத படங்கள் அம்மா."

"அது இன்னும் மோசம்."

எந்த வீட்டாரிடமும் கேட்கவில்லை. ஆள்தானே அவர்களுடையவர், மிச்சம் யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கிராமமான சாம்பல்தீவிலிருந்து ஒரு அண்ணா வந்தது அந்த நாட்களில்தான். மழைக்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார். தமையன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வள்ளம் குச்சவெளிப் பக்கம் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. தேடித் தேடி ஓய்ந்துவிட்டார்கள்.

"அம்மா சோத்தைத் தொடுறா இல்லை" என்றார். "ஐயரிட்டக் கேட்டம். தர்ப்பையில உருவம் செய்து எரிச்சுப்போட்டு மற்றக் கிரியையளைச் செய்யலாமாம். அப்பிடியாவது முடிப்பம் எண்டு... நோட்டீஸ் அடிக்கவேணும். இந்தப் படம்தான் இருக்கு, தங்கச்சி. நான்தான் எடுத்தனான்."

சமைக்கிற குசினியின் வாசலில் தமையன் நிற்கிறார். உயரமான ஆள், நிலையில் தலை இடிக்காமல் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துச் சிரிக்கிறார். மேலில் சட்டை இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கிறவரை முறைத்துப் பார்க்கிறது.

"நாளைக்குப் பின்னேரம் வாங்கோ அண்ணா" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் அதற்குள் படத்தைத் திறந்துவிட்டது.

அவர் போனவுடன் வெட்டினேன். கழுத்து வளைந்திருந்ததால் கோட்டுக் கழுத்தில் தலை சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் நிமிர்த்தித் திருப்பினேன். நீலம், விளக்கு, எல்லாம் போட்டேன். பிறகு மிச்சத்துக்கு வந்தேன். ஓட்டையை நிரப்பச் சொன்னேன். கம்ப்யூட்டர் சற்று யோசித்து மூடியது.

திறந்த குசினி வாசல். பின்னால் மங்கிய சுவர், அதில் சின்னதாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் வெளிச்சம். வாசலோரம் பிள்ளை. அவளுடைய கை முன்னால் நீண்டு, விரல்கள் மடங்கி, ஒன்றையும் பிடிக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரிய படம் இதுதான். தோழிக்கு உடனே அனுப்பினேன். "கடவுளே" என்று மட்டும் பதில் எழுதினாள். நானா சாப்பிடப் போயிருந்த நேரம் பெரிய தாளில் அதைப் பிறின்ட் எடுத்து, மை காயட்டும் என்று உள் மேசையில் விரித்து வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு அக்கா கடைக்குள் வந்தார். குடை இல்லை. நனைந்த தலையைத் துடைக்கவும் இல்லை.

"சாம்பல்தீவில இருந்து ஒரு படம் வந்ததோ? கடலுக்குப் போனவரின்ர?"

"ஓம் அக்கா. நீங்கள்?"

"நான் அவரின்ர மனுசி."

நானா கதிரையை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை, நின்றபடியே பேசினார்.

"கிரியை செய்யட்டும், நான் மறிக்கேல்ல. மாமியும் பாவம். நோட்டீஸ் மட்டும் அடிச்சுக் குடுக்காதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்ர பிள்ளை இப்பத்தான் வாசிக்கப் பழகினவ. பள்ளிக்கூடம் போற வழி முழுக்க வாசிச்சுக்கொண்டுதான் போவா. கடைப் பேர்ப்பலகை, பஸ்ஸில எழுதினது, ஐஸ்பழ வண்டில், ஒண்டையும் விடமாட்டா. அப்பா எங்கயெண்டு கேட்டா, புல்மோட்டைப் பக்கம் மீன்வாடியில தங்கி நிண்டு தொழில் செய்யிறார் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். நான் சொல்லுவன். சொல்லத்தான் போறன். ஆனா அவ அதைச் சுவரில எழுத்துக்கூட்டி வாசிச்சு அறியக் கூடாது."

நானா என்னைப் பார்த்தார்.

"நான் குடுக்காட்டி பக்கத்துக் கடையில எடுப்பாங்க, தங்கச்சி" என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "ஒங்கட மச்சான் பின்னேரம் வருவார். அதுவரைக்கும் இரிங்க. நேரில சொல்லுங்க."

உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். அவர் வந்த பிறகுதான் மேசையில் விரித்திருந்த படம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளையின் கையைப் பார்ப்பார், அதைக் கேட்பார் என்று நினைத்து, சொல்வதற்கு என்னிடம் இருந்த படித்த வார்த்தைகளை எல்லாம் அடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"இந்த ஜன்னல் எங்கால வந்தது?"

"எது அக்கா?"

"குசினிக்குள்ள. எங்கட குசினியில ஜன்னல் இல்லை."

குனிந்து பார்த்தேன். அதுவரை நான் அந்த ஜன்னலைப் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். என் கண்ணெல்லாம் பிள்ளையின் கையில்.

"அவர் நிண்ட இடத்துக்குப் பின்னால என்ன இருக்கெண்டு தெரியாது தானே அக்கா. கம்ப்யூட்டர் தானா ஊகிச்சு வச்சது."

"அவர் நிண்ட இடத்திலயோ?"

"ஓம்."

அவர் ஒரு விரலால் அந்த ஜன்னலைத் தொட்டார். மாரிக்கால ஈரத்தில் மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"ஒரே புகை அந்தக் குசினி. கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து சொல்லுறன், ஒரு ஜன்னல் வச்சுத் தாங்கோ எண்டு. வாற மாரிக்கு முன்னம் வைக்கிறன், வாற மாரிக்கு முன்னம் வைக்கிறன் எண்டு..." சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் சிரிப்பைப் போலத்தான் வந்தது. "இப்ப வச்சிட்டார்."

நான் படத்தைச் சுருட்டினேன். சுருட்டும்போது தாள் எழுப்பிய சத்தம் கடை முழுவதும் கேட்டது.

பின்னேரம், படம் தந்த அந்த அண்ணா, அக்காவின் கொழுந்தன், வந்தார். அண்ணியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, நீங்கள் இஞ்ச என்ன செய்யிறீங்கள்? பிள்ளை ஆரோட?"

"பக்கத்து வீட்டில. தம்பி, எல்லாம் செய். நோட்டீஸ் மட்டும் வேண்டாம்."

"அண்ணி, நோட்டீஸ் இல்லாட்டிச் சனம் என்ன சொல்லும்? தமையனுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்ட வக்கில்லாதவன் எண்டு என்னைச் சொல்லும். அண்ணனோட தொழில் செய்தவங்கள் மூதூர் வரைக்கும் இருக்கிறாங்கள். அவங்களுக்கு என்னெண்டு அறிவிக்கிறது?"

"போனில சொல்லு."

"அம்மாவுக்கும் சுவரில பார்த்தால்தான் மனம் ஆறும் அண்ணி. அண்ணனும் அவவுக்குப் பிள்ளை தானே."

நானா தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் வந்தார்.

"தம்பி, டவுனில ஒட்டுங்க. அரசாங்கக் கச்சேரிப் பக்கம், பஸ் ஸ்டாண்ட், மீன் சந்தை. அங்க ஒட்டினாப் போதும், ஒலகமே பாக்கும். புள்ளை போற றோட்டில மட்டும் வேணாம். என்ன?"

கொழுந்தன் மழைக்கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு தலையாட்டினார். "எங்கட ஊர்ச் சந்தியால உள்ளுக்கு ஒண்டும் ஒட்டமாட்டம் அண்ணி. சத்தியமா."

நான் நோட்டீஸ் படத்தைக் கொழுந்தனின் போனுக்கு அனுப்பினேன். இருவரும் ஒன்றாகத்தான் பஸ் எடுக்கப் போனார்கள். அவர் தன் மழைக்கோட்டை அண்ணிக்குக் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்றார். யாரும் போடாத அந்தக் கோட்டை மடித்து இருவருக்கும் நடுவில் தூக்கிக்கொண்டு, மழைக்குள் நடந்தார்கள்.

நகரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் போகிற வழியில் மட்டுமே நாலைந்து இடத்தில் கண்டேன். எங்கள் நகரத்துத் தெருக்களில் மாடுகளைப் போல மான்கள் திரியும்; அவற்றுக்கு நோட்டீஸில் ஆசை அதிகம். மாப் பசை ஈரமாக இருக்கும்போதே வந்து கடித்து இழுக்கும். எட்டுகிற உயரம் வரைக்கும் தின்றுவிட்டுப் போய்விடும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் அவருடைய டைக்குக் கீழே ஒன்றும் இல்லை; பெயரும் திகதியும் உறவினர் வரிசையும் மானின் வயிற்றில். முகமும் நானாவின் தோளும் மட்டும் மேலே நின்றன. சாம்பல்தீவு றோட்டில் மான் இல்லையே என்று ஏனோ அப்போது நினைத்தேன். அங்கே ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாரே, மான் எதற்கு என்றும் நினைத்தேன்.

கொழுந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் வீட்டார் மட்டுமா அறிவிப்பார்கள்? விளையாட்டுக் கழகம், கோயில் சபை, கூடப் படித்தவர்கள், கூடத் தொழில் செய்தவர்கள், ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாகக் கண்ணீர் அஞ்சலி அடிக்கும். அடிக்காவிட்டால் மரியாதை இல்லை. எங்கள் கடையில் ஒரு செத்தவருக்கு ஐந்து விதமாக அஞ்சலி செய்து கொடுத்திருக்கிறேன். அன்று பின்னேரம் கடைக்குள் நின்ற நான்கு பேரில் ஒருவருக்காவது அது நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடற்றொழில் செய்யும் கூட்டாளிகள் நோட்டீஸில் இருந்த படத்தைப் போனிலிருந்து எடுத்து, வேறு எங்கோ கொடுத்து, பெரிய பனர் ஒன்று அடித்தார்கள். அன்பில்தான் அடித்தார்கள். எங்கே கட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று யோசித்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டினார்கள்.

அக்கா மறுபடி கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நானா லமினேட் மெஷினை நிறுத்தினார்.

"காலமை பள்ளிக்கூடத்துக்கு விடப்போனன்" என்றார் அக்கா. "சந்தியால திரும்பினதும் கண்டன். கண்ணைப் பொத்தவோ, திரும்பி ஓடவோ எண்டு யோசிக்கிறன், அவ வாசிக்கத் தொடங்கிட்டா. கண்ணீர் எண்டு வாசிச்சா. அஞ்சலி எண்டு வாசிச்சா. பிறகு அவரின்ர பேரை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு முடிச்சா. நான் செத்திட்டன் எண்டுதான் நினைச்சன்."

"பிறகு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"அம்மா, இந்த மாமாவுக்கும் அப்பான்ர பேர் எண்டா." அக்கா நிறுத்தினார். "தலையும் அப்பான்ர மாதிரியே இருக்கு, ஆனா அப்பாட்டக் கோட்டு இல்லை, அப்பான்ர தோளும் இப்பிடி இல்லை எண்டா. பாவம் அந்த மாமா எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா."

நானா தன்னுடைய தோள்களைப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்தார். பகிடியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"இப்ப நான் சொன்னாலும் நம்பமாட்டா" என்றார் அக்கா. "அது வேற மாமா எண்டு எனக்கே விளக்கம் சொல்லுறா. ஒவ்வொரு நாளும் அந்தப் பனருக்குக் கீழால போகேக்க, பாவம் அந்த மாமா எண்டு சொல்லிப்போட்டுப் போறா. தங்கச்சி, எனக்கு அவரை அவராவே தாங்கோ. கோட்டு வேண்டாம். விளக்கு வேண்டாம். வெட்ட வேண்டாம். அந்தப் படத்தை அப்பிடியே பெரிசாத் தாங்கோ. அதை வச்சுத்தான் நான் சொல்ல வேணும்."

முதல் படத்தைத் திறந்தேன். வளைந்த கழுத்து, வெறும் மேல், சாரம், அதைப் பிடித்த கை. ஒன்றும் செய்யாமல் அப்படியே பிறின்ட் எடுத்தேன். இந்தக் கடையில் நான் ஒன்றும் செய்யாமல் எடுத்துக் கொடுத்த முதல் படம் அதுதான். அக்கா அதை வாங்கி முதலில் பார்த்தது கணவருடைய முகத்தை இல்லை, அவர் மறைத்துக்கொண்டு நின்ற இடத்தை. பிறகுதான் முகத்துக்கு வந்தார்.

போகும்போது திரும்பி நின்றார்.

"அண்டைக்குச் சுருட்டி வச்சீங்களே, ஜன்னல் வச்ச படம். அதை என்ன செய்யப் போறீங்கள்?"

கண்காட்சியைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சம் என்ற கோப்பு, யாழ்ப்பாணம், நடுவில் மாட்டும் பெரிய படம். கோபப்படுவார் என்று நினைத்தேன். களைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட வாசலைக் காட்டுறதெண்டால் எங்கட வாசலைக் காட்டுங்கோ" என்றார். "இல்லாத ஜன்னலை வச்சுக் காட்டாதேங்கோ. அது இருந்திருந்தால் நல்லது எண்டு எனக்கு இப்ப ஒவ்வொரு நாளும் தோன்றுது."

அன்று பின்னேரம் கோப்பு முழுவதையும் திறந்து பார்த்தேன். முதல் விறாந்தையிலேயே கதிரைக்குக் கால் ஒன்று கூடுதலாக முளைத்திருந்தது. மோட்டார் சைக்கிள் நின்ற முற்றத்தில் ஒரே செவ்வரத்தை இரண்டு இடத்தில் ஒரே பூவோடு பூத்திருந்தது. ஒரு படுக்கையறையில், செத்தவர் சாய்ந்திருந்த சுவரில், யாருமே மாட்டாத ஒரு கலண்டர் தொங்கியது. நான் வெறுமை என்று நினைத்து வைத்திருந்த இடமெல்லாம் கம்ப்யூட்டர் குடியிருந்திருக்கிறது. நிரப்பியதை ஒவ்வொன்றாக நீக்கினேன். வெள்ளை ஓட்டைகள் திரும்பி வந்தன.

தோழிக்கு அழைத்தேன். பெரிய படம் இல்லை என்றேன்.

"விசரே உனக்கு? அதுதானே எல்லாம்."

"அது பொய்யடி. பின்னுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

"ஆருக்கடி தெரியப்போகுது?"

"ஒராளுக்குத் தெரியும்."

"அப்ப என்ன மாட்டப் போறாய்?" என்று கேட்டாள். சுவர் வெறுமையாக இருந்தாலும் இருக்கட்டும் என்று சொன்னேன். போனை வைத்த பிறகு அழுதேன். அந்தப் படத்துக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

நானாவும் ஒன்று செய்தார். கோட்டுக் கோப்பைத் திறக்கச் சொன்னார். அழிக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. ஆட்கள் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வருகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்: "வீட்டுல சின்னப் புள்ளைகள் இரிக்காங்களா?" இருந்தால், "கோட்டு வேணாம், அவர் உடுத்தது போலவே இரிக்கட்டும்" என்கிறார். சிலர் சண்டை பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

அக்கா பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. பெரிதாக எடுத்த படத்தை அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை சொல்லப் போகிறாராம், அதே குசினி வாசலில் வைத்து. அதற்குப் பிறகு வாசலைப் படம் எடுக்க என்னை வரச் சொன்னார். முன்பு இல்லை, பிறகு. "அவ அழுது முடிஞ்சாப் பிறகு வாங்கோ. அழாட்டியும் வாங்கோ" என்றார்.

கமராவையும் முக்காலியையும் எடுத்துவைத்துவிட்டேன். கொழுந்தன் எந்த இடத்தில் நின்று எடுத்தார் என்று அவரிடமே கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்தாராம். அதே இடத்தில் முக்காலியை வைத்து வாசலை எடுக்கப் போகிறேன். அடுப்புக்கட்டு, கரி பிடித்த சுவர், ஜன்னல் இல்லாத இருட்டு, இதுவரை பிள்ளையின் அப்பா மறைத்துக்கொண்டு நின்றது எல்லாம். வெளிச்சம் போதாது, அதனால் கமராவை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குள் பிள்ளை வந்து வாசலில் நின்றால் நிற்கட்டும், ஓடினால் ஓடட்டும். கையை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.